போகிறவர் போகட்டும் என்று சபை சொல்ல முடியாது

கடலூர் மாவட்டத்துச் சபைகளில் ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது. போதகருக்கும் மேலிடத்துக்கும் தகராறு முற்றும்போதெல்லாம் அது வெளியே வரும். திட்டக்குடியில் கேட்டிருக்கிறேன், விருத்தாசலத்தில் கேட்டிருக்கிறேன், சிதம்பரத்தில் நன்றாகப் படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். “சபை ஒழுங்குக்குக் கட்டுப்பட முடியாது என்றால் ஐயர் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். உள்ளே இருந்துகொண்டு எதிர்த்தால் கீழ்ப்படியாமை. வெளியே போய்ப் பேசினால் பிரிவினை. போன பிறகு அவருக்கும் இந்தச் சபைக்கும் என்ன சம்பந்தம்?”

கேட்க நியாயமாகத்தான் படுகிறது. பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இதே விதிதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பேச்சை முழுதாக வைத்துப் பாருங்கள். உள்ளே இருந்தும் பேசக்கூடாது, வெளியே போயும் பேசக்கூடாது, போன பிறகு உறவும் கிடையாது. மனசாட்சியுள்ள போதகருக்கு வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு எதையுமே இந்த வாதம் விட்டுவைக்கவில்லை. இதைச் சபை ஒழுங்கு என்று ஏற்றுக்கொள்ள நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு வெளியூர்ச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தின் சபை வரலாறே போதும்.

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை எப்படிப் பிறந்தது? கார்ல் ஒக்ஸ் என்ற ஜெர்மானியப் போதகர் தன் மிஷன் மேலிடத்தோடு வருஷக்கணக்காக வாதாடி, 1850களின் இறுதியில் அதைவிட்டு விலகி, நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வந்து தங்கியதில் பிறந்தது. அந்த இடத்துக்கு அவர் பெத்தானி என்று பெயர் வைத்தார். பிறகு 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றது. அந்தப் பெத்தானியிலிருந்துதான் திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் டேனிஷ் மிஷன் வேலை பரவியது. விலகுகிறவரைப் பிரிவினைக்காரர் என்று பேசும் இந்த வட்டாரத்து லுத்தரன்கள் எல்லோரும், ஒரு மனிதர் விலகியதால் உண்டான சபையின் பிள்ளைகள்.

அவர் ஏன் விலகினார் என்பதைச் சொல்லாமல் விலகினார் என்பதை மட்டும் பேசுவது இந்த வாதத்தின் பழைய பழக்கம். காரணத்தைச் சொல்லிவிட்டால் வாதம் நிற்காது. ஆகவே காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் சபை 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்து இறங்கியதிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன். 1733 டிசம்பரில் பட்டம் பெற்றார். கடலூரில் பிறந்தவர், ஆறுமுகம் என்பது பிறவிப் பெயர், வேளாளர். அவரை நினைத்து இந்த மாவட்டம் பெருமைப்படுவது சரி. அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று இன்னொருவர் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்து உபதேசியாரானவர். அடியும் மிரட்டலும் பட்டு, தஞ்சைச் சீமையில் சபைகளைக் கூட்டிச் சேர்த்தவர். அவருக்குப் பட்டம் கொடுப்பதைப் பற்றி மிஷனரிகள் யோசித்தார்கள். கடைசியில் கொடுக்கவில்லை. அவர் பறையர். அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று பயந்தார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த ஒரு சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன். சாதி வெறும் சமூக வழக்கம், அதற்கும் சபைக்கும் சம்பந்தமில்லை என்று பின்னாளில் யார் யார் சொன்னார்களோ அவர்கள் எல்லோருக்கும் இதுவே பதில். சபைக்கு வெளியே, தெருவில், கிணற்றங்கரையில் நடந்ததை நான் சொல்லவில்லை. யார் பலிபீடத்தருகே நிற்கலாம், யார் கையிலிருந்து அப்பமும் ரசமும் வாங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அதைச் சபை ஒப்புக்கொண்டது.

நூறு வருஷம் இப்படியே ஓடியது. ஒரே கோவிலில் சாதிக்கொரு பக்கம். சிலருக்குப் பாய், சிலருக்கு வெறும் தரை. இராப்போஜனத்துக்கு யார் முதலில் வருவது என்பதிலும் வரிசை. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அறவே விட்டொழிக்க வேண்டும் என்று. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கொந்தளிப்பு. விட மாட்டோம் என்று பலர் சபையைவிட்டே போனார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போய், சாதியை விட்டதற்குச் செயலில் அடையாளம் காட்டாதவரைத் திருவிருந்தில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தோடு சேராமல் தனித்து நின்றது லைப்சிக் மிஷன். 1836இல் டிரெஸ்டனில் தொடங்கி 1848இல் லைப்சிக் நகரத்துக்கு மாறிய ஜெர்மன் லுத்தரன் மிஷன் அது. தரங்கம்பாடியின் பழைய வேலை அதன் கைக்கு வந்திருந்தது. ஆங்கிலிக்கன் சபையில் சாதிக்கு இடமில்லை என்றதும் வெளியேறிய மேல்சாதிக் கிறிஸ்தவர்களில் பலர் வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல். அவரைத் தமிழ் தெரிந்தவர்கள் மரியாதையோடுதான் நினைக்க வேண்டும். திருக்குறளை 1856இல் ஜெர்மன் மொழியில் தந்தவர். 1849 முதல் 1853 வரை பயணம் செய்து தமிழ்நாட்டை நேரில் பார்த்தவர். தமிழைப் படித்துத் தமிழர் வாழ்க்கைக்கு மதிப்புக் கொடுத்தவர். அவர் சொன்ன வாதத்தைச் சுருக்கமாகவாவது நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சாதி ஒரு குடிமை ஏற்பாடு, ஐரோப்பாவில் பிரபு என்றும் குடியானவன் என்றும் இருப்பதைப்போல. சுவிசேஷம் மாவுக்குள் வைத்த புளிப்பைப்போல உள்ளிருந்து மெதுவாக வேலை செய்யும். சாதியை விட்டதற்குச் சேர்ந்து சாப்பிடுவதைச் சோதனையாக வைப்பது கிருபையால் வரும் இரட்சிப்புக்குமேல் ஒரு புதிய சட்டத்தை ஏற்றிவைப்பது. அந்நியர் வந்து அதிகாரத்தால் ஒரு சமூகத்தின் வழக்கங்களை உடைக்கக்கூடாது.

கடைசிச் சொல்லில் உண்மை உண்டு. அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரர் தமிழர் வீட்டுச் சமையலில் தலையிட்டது எல்லா இடத்திலும் அன்பினால் நடந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் மற்றதெல்லாம் நிற்காது.

மெதுவாக என்றால் யாருக்கு மெதுவாக? பொறுத்திருங்கள் என்று சொல்லப்பட்டவர்கள் யார், அந்தப் பொறுமையால் நஷ்டப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பாயில் உட்கார்ந்தவருக்குப் பொறுமையினால் ஒரு செலவும் இல்லை. தரையில் உட்கார்ந்தவர் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தார். கிரௌல் பேசியபோது இராஜநாயக்கன் இறந்து எண்பது வருஷம் ஆகியிருந்தது. புளிப்பு அதற்குள் எவ்வளவு வேலை செய்திருந்தது? சாதி கேட்காமல் பட்டம் கொடுக்கலாமா என்ற பழைய கேள்வியே மறுபடி மேலிடத்தின் மேசைக்கு வந்திருந்தது.

ஒக்ஸ் இந்த இடத்தில்தான் நின்றார். 1840களிலேயே வந்து, மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்து, இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்த்தவர். பட்டம் பெற நிற்கிறவர்களும் உபதேசியார்களுமாவது சாதியை விட்டேன் என்பதற்குச் செயலில் அடையாளம் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. சபையில் நேற்றுச் சேர்ந்த ஏழைக் குடியானவனின் வீட்டுக்குள் புகுந்து அடுப்பைச் சோதிக்கும் பேச்சில்லை இது. மந்தையை மேய்க்க வருகிறவன் மந்தையில் ஒரு பகுதியைத் தொட மாட்டேன் என்று சொல்லலாமா என்ற கேள்வி. இதைச் சட்டவாதம் என்று தள்ளுவது அநியாயம். பட்டம் பெறுகிறவன் எத்தனையோ விஷயங்களில் உறுதிமொழி கொடுக்கிறான். விசுவாச அறிக்கையை ஏற்கிறான், ஒழுக்கத்துக்கு உத்தரவாதம் சொல்கிறான். அவற்றையெல்லாம் யாரும் கிருபைக்கு விரோதமான புதிய சட்டம் என்று சொன்னதில்லை. சாதி என்று வந்ததும் மட்டும் அந்த இறையியல் நினைவுக்கு வந்தது.

ஒக்ஸ் அவசரக்காரர், சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவர் என்பது அவர்மேல் உள்ள இன்னொரு குற்றச்சாட்டு. சுபாவத்தில் அவர் கடினமானவராகவே இருந்திருக்கட்டும். அவர் எழுதினார், வாதாடினார், மேலிடத்துக்கு முறையிட்டார், வருஷங்கள் காத்திருந்தார். முடியாது என்று ஆனபின் போனார். இதில் அவசரம் எங்கே இருக்கிறது? மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய சபையில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய சபை இந்த மாவட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சபையில் சேர்வது என்றால் என்ன என்பதற்குச் சாதியைத் தள்ளிய ஒரு விடை முதலில் சொல்லப்பட்டுவிட்டது. பின்னால் வந்த பிள்ளைகள் அந்த விடையைக் காட்டிச் சபையைக் கேள்வி கேட்க முடிந்தது. ராஜினாமா கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறியிருந்தால் இது நடந்திருக்காது. லைப்சிக் மேலிடத்துக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

பிரிவினை யார் செய்தது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. ஒரே கோவிலுக்குள் இரண்டு பக்கம் வைத்தவர்கள் ஏற்கெனவே சபையைப் பிரித்திருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பதிவேட்டில் பெயர் இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. ஒக்ஸ் வெளியேறியபோது தெரிந்தது. ஏற்கெனவே இருந்த பிளவைக் காட்டியவர்மேல் பிளவின் பழியைப் போடுவது நூற்றைம்பது வருஷமாக நடந்துவருகிறது.

பரங்கிப்பேட்டைக்கு வருகிறேன். எங்கள் திட்டக்குடியைத் தொட்டுக்கொண்டு போகும் வெள்ளாறு கடலில் சேருகிற ஊர். அங்கே சேவாமந்திர் பள்ளி இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் பெண். 1909இல் டேனிஷ் மிஷனின் ஆசிரியையாக வந்தவர். ஆம், ஒக்ஸின் விலகலை ஏற்று இங்கே வேரூன்றிய அதே மிஷன். 1917 ஜனவரியில் அவரும், திருக்கோவிலூரில் வேலை செய்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் மிஷனரியும் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார்கள். ஃபேரிங்குக்குக் காந்தி தகப்பன் ஸ்தானத்தில் ஆனார். அவருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனிப் புத்தகமாக வந்தன. மிஷன் அந்த உறவை விரும்பவில்லை. சென்னை அரசாங்கத்தின் கண்ணும் அவர்மேல் விழுந்தது. ஆசிரமத்துக்குப் போக மிஷன் தடை சொன்னபோது, எடுத்தெறிந்துவிட்டு வா என்று காந்தி எழுதவில்லை. மிஷனுக்குக் கொடுத்த வாக்குக்குள் இருக்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டு இரு என்பதே அவர் சொன்ன யோசனை. ஃபேரிங் கட்டுப்பட்டிருந்தார். 1919இல் மிஷனிலிருந்து விலகினார். பீட்டர்சனும் பிறகு விலகினார். அரசாங்க மானியத்தையும் அதன் நிபந்தனைகளையும் சாராத, தாய்மொழியை முன்வைத்த பெண்கள் பள்ளி ஒன்றைப் பரங்கிப்பேட்டையில் 1921இல் தொடங்கினார். அடிக்கல் நாட்டியவர் காந்தி. 1951இல் இறக்கும்வரை பீட்டர்சன் அந்தப் பள்ளிக்காகவே வாழ்ந்தார்.

அவர்கள் இருவர்மேலும் அன்று சொல்லப்பட்ட குற்றம், மிஷன் வேலையில் அரசியலைக் கலந்தார்கள் என்பது. இன்றும் சபைக்குள் அநீதி என்று எவராவது வாய் திறந்தால் உடனே வரும் சொல் இதுதான்: ஐயர் அரசியல் பேசுகிறார். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் வந்ததும் லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்களை எதிரி நாட்டார் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பிடித்து வைத்தது, பிறகு நாட்டைவிட்டே அனுப்பியது. அதைப் பார்த்த மற்ற அந்நிய மிஷன்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. போருக்குப் பிறகு பிரிட்டிஷார் அல்லாத மிஷன்கள் அரசாங்கத்துக்கு விசுவாசமாக நடப்பதாக உறுதி கொடுத்தால்தான் வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு வந்தது. மிஷன் பள்ளிகள் அரசாங்க மானியத்தில் ஓடின. இந்த நிலையில் அரசாங்கத்தோடு ஒத்துப்போவது ஊழியம், காந்தியைப் பார்க்கப் போவது அரசியல் என்று எப்படிப் பிரித்தார்கள்? ஜாலியன்வாலா பாக் நடந்த வருஷத்தில் மௌனமாக இருப்பதும் ஒரு பக்கம் சேர்வதுதான். டேனிஷ் மிஷனின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்குச் சபை ஒழுங்கு என்று பெயர் வைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

அறுபது வருஷத்துக்குள் எவ்வளவு மறந்துபோனார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. சொந்த மேலிடத்தை எதிர்த்து வெளியேறிய ஒருவரை டேனிஷ் மிஷனின் கோபன்ஹேகன் மேலிடம் அன்று ஏற்றுக்கொண்டது. தன் ஊழியர்கள் இருவர் அதேபோல மனசாட்சியைச் சொன்னபோது அதற்குப் புரியவில்லை. பீட்டர்சன் கிறிஸ்துவை விடவில்லை, ஞானஸ்நானத்தை மறுக்கவில்லை, இந்த மாவட்டத்தைவிட்டும் போகவில்லை. மிஷனின் சம்பளப் பட்டியலிலிருந்து மட்டும் வெளியே வந்தார். அதற்காக அவரைச் சபைக்கே வெளியே போனவரைப்போலப் பேசினால், சம்பளப் பட்டியலும் சபைப் பதிவேடும் ஒன்று என்று ஆகிவிடும். இன்றைய தகராறுகளிலும் நடப்பது இந்தக் குழப்பம்தான். போதகர் பதவியை விட்டார் என்றால் உடனே அவர் குடும்பமே சபைக்கு அந்நியமாகிறது. மனைவி மாதர் சங்கத்தில் கூப்பிடப்படுவதில்லை. பிள்ளையின் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க இழுத்தடிக்கிறார்கள். எந்தச் சட்டப் புத்தகத்தில் இது எழுதியிருக்கிறது?

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான கேள்வி உண்டு. மனசாட்சி என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் மனசாட்சிதான் சொன்னார். அவருடைய பாட்டு இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனை இல்லை. ஆனால் 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் சாதி வேற்றுமையை உடைக்கத் தொடங்கியபோது அவர் அதை எதிர்த்து வாதாடி, மிஷன் வேலையை இழந்தார். அவரும் மேலிடத்தை எதிர்த்த தியாகிதானா?

இல்லை என்கிறேன். அவர் கேட்டவற்றில் தமிழ்ப் பாட்டைக் காப்பாற்றியது நியாயம், அதில் அவர் பக்கம் நிற்கிறேன். தனித்தனி இடம் கேட்டது அநியாயம். மேலிடத்தை எதிர்த்தார் என்பதால் எவரும் உத்தமர் ஆகிவிடுவதில்லை. எதற்காக எதிர்த்தார் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்வதும் அதைத்தான். ‘ஒழுங்குக்குக் கட்டுப்படு அல்லது போ’ என்கிற வாதம் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. ஒக்ஸையும் சாஸ்திரியாரையும் ஒரே தராசில் போட்டு, இருவரும் கீழ்ப்படியாதவர்கள் என்று முடித்துவிடுகிறது. சொத்துக்கும் பதவிக்கும் சண்டை போட்டுத் தெருவுக்கொரு போர்டு மாட்டுகிறவர்களையும், இராப்போஜனப் பாத்திரத்துக்காகச் சண்டை போட்டவரையும் ஒன்றாக்குகிறது.

திருநெல்வேலியில் நடந்த ஒன்று இதற்குத் துணை. ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த ரேனியஸ் 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்து நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகளை வளர்த்தவர். பிறப்பால் லுத்தரன். தன் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் முறையில் பேராயர் கையால்தான் பட்டம் என்பதை அவர் ஏற்கவில்லை, அந்தச் சபையின் முறைகளை விமரிசித்து எழுதவும் செய்தார். 1835இல் மேலிடம் அவரை நீக்கியது. அவர் கிளம்பி ஆற்காட்டுப் பக்கம் போனார். உபதேசியார்களும் சபையாரும் திரும்ப வரும்படி எழுதினார்கள். சில மாதங்களில் திரும்பினார். சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்த பிறகு மறுபடி ஒன்றாயின. இதில் நான் கவனிப்பது அந்தக் கடிதங்களை. லண்டனில் இருந்த கமிட்டிக்குத் தன் ஊழியரை நீக்க அதிகாரம் இருந்தது. யார் தங்களுக்குப் போதகர் என்று சொல்லும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று பனையேறிகளும் உபதேசியார்களும் நினைத்தார்கள். அவர்களைக் கேட்காமலேயே ஒரு போதகர் மாற்றப்படுவதும் நீக்கப்படுவதும் ராஜினாமா செய்யவைக்கப்படுவதும் இருநூறு வருஷம் ஆகியும் நிற்கவில்லை.

இவ்வளவும் போதகர்களைப் பற்றி. இந்த வாதத்தின் மிகப் பெரிய கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒக்ஸ் விலகினால் அவரை ஏற்க ஒரு கோபன்ஹேகன் இருந்தது. பீட்டர்சனுக்கு டென்மார்க்கில் பணம் அனுப்பும் நண்பர்கள் இருந்தார்கள். ரேனியஸைக் கூப்பிட்டுக்கொள்ள ஊர்கள் இருந்தன. இராஜநாயக்கன் எங்கே போயிருக்க முடியும்? பிடிக்கவில்லை என்றால் போ என்று சொல்வதற்கு, கேட்கிறவனுக்குப் போக இடம் இருக்க வேண்டும். கிராமத்துச் சபையில் உறுப்பினராக இருப்பது சங்கத்தில் மெம்பராக இருப்பதைப்போலச் சந்தாவோடு முடிகிற காரியமா? ஞானஸ்நானப் பதிவேடு அங்கே, கல்யாணப் பதிவேடு அங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் அந்தக் காம்பவுண்டில். கடைசியில் கல்லறைத் தோட்டம். செத்தவனைப் புதைக்க இடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமிருந்து எந்த ஏழையும் ராஜினாமா செய்ய முடியாது.

எறையூர் இதைச் சொல்லிக் காட்டியது. பெண்ணாடம் பக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கும் இறையூர் இல்லை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூர், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பழைய கத்தோலிக்கப் பங்கு. அங்கே தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை. அவர்கள் வீட்டுச் சவ ஊர்வலம் ஆலயத்துக்குப் போகும் பெரிய தெரு வழியாகப் போகக்கூடாது. பொறுத்துப் பார்த்தவர்கள், எங்கள் ஆலயத்தைத் தனிப் பங்காக அங்கீகரியுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு உயிரும் வீணாகப் போன உயிர்தான், எந்தச் சாதியாக இருந்தாலும்.

அன்று மரியாதைக்குரிய பலர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: தனிப் பங்கு கேட்பது பிரிவினை, ஒரே திருச்சபையை உடைக்காதீர்கள். கல்லறையைத் தனியாகப் பிரித்தபோது உடையாத திருச்சபை, தனிப் பங்கு என்று விண்ணப்பம் எழுதியபோது உடைந்துவிட்டதாம். ஒக்ஸுக்குச் சொன்ன பழியே இது. ஒக்ஸ் விலகியதற்கும் 2008க்கும் நடுவில் மொழி மாறியது, சபை மாறியது, பழி அப்படியே இருந்தது. ஆகவே கிரௌலின் பொறுமைக்கு இந்தப் பக்கத்தில் என்ன விளைச்சல் என்று கேட்பவர்கள் எறையூர்க் கல்லறைக்குப் போய்ப் பார்க்கலாம்.

சட்டம் இதில் உதவாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குமேல் உதவாது. பம்பாய் மாகாணம் 1949இல் சபை நீக்கத்தைத் தடைசெய்து ஒரு சட்டம் போட்டது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. மத ஒழுங்கைக் காக்க உறுப்பினரை நீக்கும் அதிகாரம் மத சுதந்திரத்துக்குள் அடங்கும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. 2023இல் அந்தத் தீர்ப்பே மறுபரிசீலனைக்குப் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எப்படி வந்தாலும், நீதிமன்றம் பார்க்கப்போவது சபை தன் விதிப்படி நடந்ததா என்பதை. விதியே அநியாயமாக இருந்தால் அதைத் திருத்த வேண்டியவர்கள் சபையார்.

கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு வார்த்தை. லுத்தரின் பெயரைப் போர்டில் எழுதிவைத்திருக்கிற சபைகள் கீழ்ப்படியாமையை இவ்வளவு பயத்தோடு பேசக்கூடாது. அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. உள்ளே நின்று பேசினார், 1521இல் ரோமாபுரி அவரைச் சபைநீக்கம் செய்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, எதிர்த்துப் பேசும் ஒரு கிராமத்துப் போதகரிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பது அந்தப் பெயருக்குச் செய்யும் அவமரியாதை.

ஆகவே கடலூரிலும் திருச்சியின் தரங்கைவாசத்திலும் புதுவையிலும் சட்டதிட்டங்களைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு போதகர் மேலிடத்தோடு முரண்பட்டு ராஜினாமா கொடுத்தால், அந்தக் கடிதத்தைக் காரணத்தோடு அவருடைய சபையார் முன்னால் ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள், ஏற்பதற்கு முன் சபையாரின் வாக்கைக் கேளுங்கள். பதவியை விட்டவரின் பெயரும் அவர் குடும்பத்தின் பெயரும் பதிவேட்டில் இருந்தபடியே இருக்கட்டும், திருவிருந்துக்கு அவர்கள் வரட்டும். நீக்கம் என்றால் குற்றத்தை எழுதிக் கொடுங்கள், முறையீட்டைக் கேட்க அந்த மேலிடத்தைச் சேராத ஆட்களை வையுங்கள். கல்லறை இடத்தைச் சந்தா பாக்கியோடும் கமிட்டியின் கோபத்தோடும் இனி முடிச்சுப் போடாதீர்கள். கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் சுவர்களை, அடுத்த சினாடு கூடும்வரை காத்திராமல், இந்த வருஷமே இடியுங்கள்.